கொட்டகை விளக்கும் டிராக்டர் பேட்டரியும்

கல்பாக்கம் அணுமின் நிலையம் 1984-ல வணிக உற்பத்தியைத் தொடங்கிச்சு. எங்க ஊர்லேருந்து சைக்கிள்லயே போயிடலாம். பக்கத்துல கரண்ட் தயாராகுதுங்கிறதுக்காக நம்ம வீட்டு விளக்கு எரிஞ்சிடுமா? 2012 மின்வெட்டு சென்னைக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்களுக்கு ரெண்டு மணி நேரம், எங்களுக்குப் பாதி நாள்.

அந்த வருஷம்தான் பழைய 12 வோல்ட் டிராக்டர் பேட்டரி ஒண்ணு வாங்கினேன். வாரம் ஒருமுறை டவுனுக்கு எடுத்துட்டுப் போய் சார்ஜ் போட்டு, மாட்டுக் கொட்டகையில ஒரு பல்பு எரிச்சோம். அப்புறம் மின்வெட்டு குறைஞ்சுது. பேட்டரி மூலையில சாக்குக்கு அடியில போயிடுச்சு.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். ராத்திரி மாட்டைப் பார்க்கப் போன அப்பா இருட்டுல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சுது. பேட்டரியை இழுத்து மாட்டினேன். பல்பு மினுக்குன்னு கூட எரியல.

ஈய பேட்டரியை 1859-ல பிரான்ஸ்ல பிளான்டேங்கிறவர் கண்டுபிடிச்சார். இன்னிக்கும் அதே ஈயத்தட்டு, அதே ஆசிட்தான். பயன்படுத்தாம வச்சாலும் தானா இறங்கும். இறங்கினபடியே கிடந்தா தட்டுல உப்பு இறுகி, பிறகு சார்ஜே ஏறாது. உழைச்சுத் தேஞ்சதைவிட சும்மா கிடந்து செத்த பேட்டரிதான் எங்க ஊர்ல அதிகம்.

புதுசு வாங்கி, கடை சார்ஜர் ஒண்ணை மாட்டியே விட்டேன். அது வோல்டேஜைக் கட்டுப்படுத்தாது. ஆசிட் கொதிச்சு தண்ணி வத்திடுச்சு. ரேடியோ ரிப்பேர் பண்ற பெரியவர் ஒருத்தர்தான், "13.6 வோல்ட்டுக்கு மேல விடாதய்யா, மாசக்கணக்குல மாட்டியே வைக்கலாம்"னார். ரிச்சி ஸ்ட்ரீட்ல சாமான் வாங்கினோம். 230 வோல்ட்டை 15 ஆக்குற டிரான்ஸ்பார்மர், நாலு டையோடு, ஒரு பெரிய கண்டன்சர், எல்.எம்.317 ஐசி. ஐசி கையைச் சுடும், அதுக்கு அலுமினியத் தகடு. கரண்ட் போனா பேட்டரி திரும்பி சர்க்யூட்டுக்குள்ள இறங்காம இருக்க இன்னொரு டையோடு. மீட்டரை வச்சுத் திருகித் திருகி 13.6-ல நிறுத்தினார். கூலி வாங்கல, ஒரு மூட்டை பொன்னி அரிசி கொடுத்தேன்.

2018-ல அப்பா போயிட்டார். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துலயே கரையைக் கடந்துச்சு. எட்டு மணிக்கே கரண்ட் போச்சு. கொட்டகை பல்பு விடியிற வரைக்கும் எரிஞ்சுது. காலையில மூடியைத் திறந்து, டிஸ்டில்டு வாட்டர் கொஞ்சம் ஊத்தினேன்.