கழித்துத் தரும் காப்பீடு: கலிபோர்னியாவின் குறைக்காப்பீட்டு வாகனப் பாதுகாப்பு குறித்து

இந்தியாவில் மூன்றாம் தரப்பு வாகனக் காப்பீட்டில் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தொகை வரம்பு கிடையாது. தீர்ப்பாயம் கோடி ரூபாய் என்றாலும் கம்பெனி கட்டியாக வேண்டும். இதற்குப் பழகியவர்களுக்கு அமெரிக்க நடைமுறை விசித்திரமாகப்படும். அங்கே ஒவ்வொரு பாலிசிக்கும் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டிய இழப்பை மோதியவரின் சொந்தச் சொத்திலிருந்துதான் வசூலிக்க வேண்டும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பாலிசியோடு வண்டி ஓட்டுபவரிடம் பெரும்பாலும் எடுக்க ஒன்றும் இருக்காது. தீர்ப்பு கையில் கிடைக்கும், பணம் வராது.

இந்த இடைவெளிக்காகவே ஓட்டுநர் தன் பாலிசியில் தனக்கென ஒரு பாதுகாப்பு வாங்கிக்கொள்ளலாம். மோதிய வண்டிக்குக் காப்பீடே இல்லாவிட்டாலும், இருந்தும் போதாவிட்டாலும், அடிபட்டவரின் சொந்தக் கம்பெனியே இழப்பீடு தரும். கலிபோர்னியக் காப்பீட்டுச் சட்டத்தின் 11580.2ஆம் பிரிவு இவ்விரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஏஜெண்டுகளும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். ஆனால் இவை ஒரே சரக்கல்ல. காப்பீடு இல்லாத வண்டிக்கு எதிரான பாதியின் பயனில் ஐயமில்லை. குறைந்த காப்பீடு உள்ள வண்டிக்கு எதிரான பாதியின் மதிப்போ முழுக்க முழுக்க ஒரு கழித்தல் கணக்கைச் சார்ந்தது. குறைந்தபட்ச வரம்பில் வாங்குபவருக்கு அது ஏறக்குறைய வெறும் காகிதம் என்பதே என் வாதம்.

கணக்கைப் பார்க்கலாம். 2025 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் காய வரம்பு ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000 டாலர். அதற்குமுன் அரை நூற்றாண்டுக்கு மேலாக அது 15,000, 30,000 என்றே கிடந்தது. ஒருவருக்கு 1,00,000 டாலர் இழப்பு. மோதியவரிடம் 30,000 டாலர் பாலிசி. அடிபட்டவரின் சொந்தப் பாதுகாப்பும் 30,000. இரண்டையும் கூட்டி 60,000 வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. அடிபட்டவரின் வரம்பைவிட மோதியவரின் வரம்பு குறைவாக இருந்தால் மட்டுமே அதைச் சட்டம் ‘குறைந்த காப்பீடு உள்ள வண்டி’ என ஏற்கிறது. அப்போதும் அந்தப் பக்கம் கொடுத்தது கழிக்கப்படும். 30-இல் 30 போனால் மிச்சம் பூஜ்யம். 1,00,000 டாலர் வரம்பு வாங்கியிருந்தால் 70,000 வரை கிடைத்திருக்கும். வெளிமாநில வண்டி, குறைந்த வருமானத்தாருக்கான சலுகைப் பாலிசி போன்ற அரிய நேர்வுகளை விட்டுவிட்டால், குறைந்தபட்ச வரம்பில் வாங்கியவர் இந்தப் பாதியிலிருந்து ஒரு டாலரும் பெற வழியில்லை.

இது காப்பீட்டின் இயல்பு அல்ல, சட்டமன்றம் எடுத்த முடிவு. ஜார்ஜியா மாநிலத்தில் 2009 முதல் கழிக்காமல் மேலே கூட்டித் தரும் முறையே இயல்புநிலை. கழித்துத் தரும் மலிவான வகையை வேண்டுபவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள். மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். இழந்த சம்பளத்தையோ வலிக்கான ஈட்டையோ தராது. பல நேரங்களில் கட்டிய தொகையையே பின்னர் இழப்பீட்டிலிருந்து திரும்பக் கேட்கும்.

நடைமுறையின் முட்களையும் சொல்லியாக வேண்டும். எதிராளியின் பாலிசி வரம்பு முழுதும் கொடுத்துத் தீர்ந்ததற்கு ஆதாரம் காட்டாமல் சொந்தக் கம்பெனியின் கதவு திறக்காது. திறந்த பிறகும் தொகையில் உடன்பாடு இல்லையென்றால் நடுவரிடம்தான் போக வேண்டும். அங்கே ஆண்டுக்கணக்கில் பிரீமியம் வாங்கிய கம்பெனியே எதிர்த்தரப்பாக உட்கார்ந்திருக்கும். இன்னொன்று: அடையாளம் தெரியாத வண்டி குறுக்கே வெட்டி, அதைத் தவிர்க்கத் திருப்பியதில் தடுப்புச் சுவரில் மோதினால் கலிபோர்னியாவில் இழப்பீடு இல்லை. வண்டியோடு வண்டி உரசியிருக்க வேண்டும். பொய்க் கோரிக்கைகளைத் தடுக்கும் ஏற்பாடு இது என்கிறார்கள். நேரில் பார்த்த சாட்சி இருந்தும் இந்த விதி தளராது என்பதற்கு அந்தக் காரணம் போதவில்லை.

2035-இல் குறைந்தபட்ச வரம்பு 50,000 ஆகிறது. மோதியவரின் பொறுப்பு கூடுகிறது, நல்லதுதான். ஆனால் கழித்தல் விதி அப்படியே நீடித்தால், 50,000 வரம்பு வைத்திருப்பவருக்கு இன்று கிடைக்கக்கூடிய 20,000 டாலரும் அன்று இவர் பாலிசியிலிருந்து வராது; எதிராளியின் பாலிசியே அதை ஏற்றுக்கொண்டிருக்கும். ஜார்ஜியாவின் வழிக்குப் போகச் சட்டமன்றத்துக்கு மனமில்லையென்றால், இந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்பவரிடம் கையெழுத்து வாங்கும் படிவம் போலவே, குறைந்தபட்ச வரம்பில் வாங்குபவருக்கும் ஒரு படிவம் இருக்கட்டும். அதில் மேலே கண்ட கழித்தலை எண்களோடு அச்சிட்டுக் கொடுக்கலாம்.