மறைநூலும் மரபும்: ஒரு வாக்கெடுப்பின் வரலாறு



மறைநூலுக்குத் திருச்சபையில் எத்தகைய அதிகாரம்? திரிதெந்தின் பொதுச்சங்கம் 1546 ஏப்ரல் 8-ஆம் நாள் இதற்கு விடை தந்தது. அதன் வரைவில், நற்செய்தியின் உண்மை 'ஒரு பகுதி' மறைநூலிலும் 'ஒரு பகுதி' மரபிலும் உண்டென்று இருந்தது. முடிவான ஏட்டில் அப்பங்கீடு நீங்கி, 'மறைநூலிலும் மரபிலும்' என்றே நின்றது. சிறு மாற்றந்தான்! ஆயினும் பின்வந்த இறையியலார் பலர் பழைய பங்கீட்டையே படிப்பித்தனர்.

2-ஆம் வத்திக்கான் சங்கத்திலும் அதே பங்கீடு வரைவாக வந்தது. வாதம் சூடேறியது. 1962 நவம்பர் 20 அன்று, வாதத்தை நிறுத்துக என்றோர் 1368. தொடர்க என்றோர் 822. மூன்றில் இரு பங்குக்கு 105 வாக்கு குறைவு! பெரும்பாலோர் விரும்பாத வரைவே நிலைக்கும் போலிருந்தது. மறுநாள் புனித 23-ஆம் அருளப்பர் குறுக்கிட்டு, அதைத் திருத்தக் கூட்டுக் குழு அமைத்தார். தலைமைக்கு எதிரெதிர் அணியின் கர்தினால்களான ஒத்தாவியானியையும் பெயாவையும் சேர்த்தே அமர்த்தினார். பெரியவரின் சாமர்த்தியமே சாமர்த்தியம்!

1965 நவம்பர் 18 அன்று 2344 பேர் ஏற்க, 6 பேர் மறுக்க, 'இறைவெளிப்பாடு' ஏடு நிறைவேறியது. மறைநூலும் மரபும் ஒரே தெய்வீக ஊற்றினின்று வருபவை. இறைவாக்கை அதிகாரத்தோடு விளக்குவது திருச்சபையின் ஆசிரியம். ஆனால் அது இறைவாக்குக்கு மேற்பட்டதன்று, அதன் ஊழியனே என்கிறது 10-ஆம் எண். விசுவாசிகள் அனைவருக்கும் மறைநூலின் வாயில் அகலத் திறக்க வேண்டுமென்றும், பிற சபையாரோடு சேர்ந்தும் அதனை மொழிபெயர்க்கலாமென்றும் 22-ஆம் எண் கூறுகிறது. அவ்வாறு தமிழில் உருவான திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது.