புல்லட்டின் கியர்பாக்ஸ் இறுகினால்...

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து சென்னையில் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் உருவான புல்லட்டில் இருந்தது ஆல்பியன் வகை நான்கு கியர் பாக்ஸ். எஞ்சினுக்குப் பின்னால் தனியாக போல்ட் போட்டு மாட்டியது. கிரீஸும் ஆயிலும் அதற்குத் தனி. எஞ்சின் ஆயிலைத் தவறாமல் பார்ப்பவர்கூட இதை மறந்துவிடுவார்!

வறண்டு போனால் மெயின் ஷாஃப்டுக்கும் அதன்மேல் சுழலும் ஸ்லீவ் கியருக்கும் நடுவிலுள்ள புஷ் சூடேறி ஒட்டிக்கொள்ளும். டாப் கியரில் இரண்டும் ஒன்றாகவே சுற்றுவதால் வண்டி ஒழுங்காக ஓடுவதுபோல் தோன்றும். கியரைக் குறைத்தால்தான் ஆபத்து, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

வண்டி நின்றதும் 'எஞ்சின் சீஸ்' என்று சொல்லிப் பாதிச் சம்பளத்தைக் கரைக்கும் முன் ஒரு சோதனை. நியூட்ரலில் கிளட்சைப் பிடித்து கிக்கரை மிதிக்க வேண்டும். லேசாக இறங்கினால் கியர்பாக்ஸ் நலம், எஞ்சினைப் பார்க்கலாம். இறுகி நின்றாலோ, பின்சக்கரத்தையும் சேர்த்து இழுத்தாலோ கோளாறு கியர்பாக்ஸில்தான். எஞ்சினை இறக்க வேண்டாம். இடப்பக்கம் கிளட்சைக் கழற்றி, வலப்பக்க மூடியைத் திறந்தால் பற்சக்கரங்கள் வெளியே வரும். புது புஷ் அடித்து, ரீமர் போட்டு அளவு சரிசெய்வார்கள்.

இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு 1970-ல் முடிந்துபோனது. ஆல்பியன் அமைப்போ சென்னையில் 2000-க்குப் பிறகும் தொடர்ந்தது. அதனால் இங்கே செய்த பாகங்கள் பல, ரெட்டிட்ச் ஊரில் பிறந்த பழைய புல்லட்டுக்கும் பொருந்துகின்றன.