பிழைத்த பிள்ளைகளின் உயரம்

மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி என்று விரியும் கரிசல் காட்டில் பிள்ளைகளின் வளர்த்தியை யாரும் ஏட்டில் குறித்து வைப்பதில்லை. போன தீபாவளிக்கு எடுத்த பாவாடை இந்தப் பொங்கலுக்குக் கட்டையாகிவிட்டதா என்பதே அளவுகோல். இரண்டு வருடமாக அதே பாவாடை அப்படியே பொருந்திவந்தால், குடும்ப வாகு என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அந்தப் பிள்ளை ஐந்து வயதில் ரத்தப்புற்றுக்குச் சிகிச்சை பெற்று மீண்டதாக இருந்தால், உயிரோடு இருப்பதே பெரிது, உயரம் என்ன உயரம் என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த நின்றுபோன பாவாடைக்குப் பின்னே முக்கால் நூற்றாண்டு வரலாறு ஒன்று இருக்கிறது.

திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமணர் கையில் வந்த சார்கோமாக் கட்டியால் 1950-இல் மறைந்தார். 1949-இல் அவருக்கு மீண்டும் மீண்டும் அறுவை செய்தார்கள், ரேடியமும் வைத்துப் பார்த்தார்கள். புற்று என்றால் கத்தி, அதை விட்டால் ரேடியம் என்றிருந்த காலம். அதற்குச் சற்று முன்புதான், 1948-இல், பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப்புற்றுக் குழந்தைகள் சிலருக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை அறிவித்திருந்தார். அம்மருந்து பிறந்தது எல்லப்பிரகத சுப்பாராவ் வழிநடத்திய லெடர்லி ஆய்வுக்கூடத்தில். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதற்காக முழுப் பட்டம் மறுக்கப்பட்டு, எல்.எம்.எஸ். சான்றிதழோடு அனுப்பப்பட்டவர் அவர். ஃபார்பரின் குழந்தைகளில் பெரும்பாலோர் சில மாதங்களில் இறந்தனர். பிழைத்தவர் இருந்தால்தானே பின்விளைவு பற்றிப் பேச முடியும்? அக்கேள்விக்கு அன்று இடமே இல்லை.

1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரம் அவருக்குள் முப்பது ஆண்டுகளாக இருந்தது. அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் 1960-இல் அங்கே குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு ஏற்படுத்தினர். குழந்தைப் புற்றை வீண் முயற்சி என்று மருத்துவர்களே ஒதுக்கிய நாளில் அது அசட்டுத் துணிச்சலாகவே தோன்றியிருக்கும்.

ரத்தத்தில் நோய் அடங்கினாலும் மூளையைச் சுற்றிய உறைகளில் அது ஒளிந்துகொள்ளும். ரத்தத்தில் ஓடும் மருந்துகளில் பலவற்றால் அங்கே போதிய அளவு நுழைய முடியாது. அமெரிக்காவில் டொனால்ட் பிங்கெல் 1960-களில் இதற்குக் கண்ட வழி, நோய் அங்கே தலைகாட்டும் முன்பே தலைக்குக் கதிர்வீச்சு கொடுப்பது. ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினர். முதலில் 24 கிரே, பின்னர் 18 கிரே. 1984 முதல் மும்பை டாடா, தில்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு ஆகிய மூன்று மருத்துவமனைகளும் பின்பற்றிய எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையிலும் தலைக்கதிர் இருந்தது. அதுவரை ஐந்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிது என்றிருந்த நிலை அதன் பிறகுதான் மாறியது. அக்கதிரைப் பழிப்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் கதிர் சென்ற வழியில்தான் கடலை அளவேயான பிட்யூட்டரிச் சுரப்பியும், அதை ஆளும் ஹைபோதலாமஸும் இருக்கின்றன. அங்கே சுரப்பவற்றுள் கதிருக்கு முதலில் பலியாவது வளர்ச்சி ஹார்மோன். பாதிப்பு உடனே தெரிவதில்லை, சில ஆண்டுகள் கழித்தே மெல்லத் தலைகாட்டும். மான்செஸ்டரில் ஸ்டீபன் ஷாலெட்டும் அவருடைய தோழர்களும் 1970-களில் இதை அளந்து காட்டினர். விந்தை என்னவெனில், அதே கதிர் சிலருக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, பூப்பை முன்கூட்டியே வரவழைத்துவிடுகிறது. எட்டு வயதில் பூப்பெய்திய பெண் சிறிது காலம் தோழிகளைவிட உயரமாகத் தெரிவாள். பிறகு எலும்பின் வளர்முனைகள் மூடிக்கொள்ள, அதோடு நின்றுவிடுவாள். கழுத்துக்குக் கதிர் பெற்ற ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்குத் தைராய்டு தளரும். சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் அளவு கூடினால் சூலகத்தையும் விதையையும் தாக்கும்.

இவற்றுள் தைராய்டுக் குறை மிக எளிதில் தீர்வது: ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு வெறும் வயிற்றில் நாளும் ஒரு தைராக்சின் மாத்திரை. ஆனாலும் அதுவே அதிகம் தவறிப்போகிறது என்று நினைக்கிறேன். களைப்பும் உடல் பருப்பதும் மந்தமும் நம் ஊரில் நோயாகத் தெரிவதில்லை, சோம்பேறித்தனமாகத் தெரிகின்றன. வளர்ச்சி ஹார்மோனின் கதை வேறு. 1985 வரை அதை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்தே எடுத்தார்கள்; அதன் வழியாக மூளையை அழிக்கும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் சிலருக்குத் தொற்றியது தெரிந்ததும் அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் மரபணுப் பொறியியலால் செய்த ஹார்மோன் வந்தது. நாள்தோறும் ஊசி, ஆண்டுக்கணக்கில். அந்தச் செலவைத் தாங்கும் வீடுகள் கரிசல் காட்டில் எத்தனை இருக்கும்?

நோய் நீங்கினால் மட்டும் போதாது என்று ஜூலியோ டாஞ்சியோ என்ற மருத்துவர் 1975-லேயே எழுதினார். மும்பை டாடா மருத்துவமனையில் சிகிச்சை முடிந்தவர்களைத் தொடர்ந்து பார்க்கத் தனி மருத்துவப்பிரிவு 1991-இல் தொடங்கியது. அமெரிக்கக் குழந்தைப் புற்று மருத்துவர்கள் 2003-இல் நீண்டகாலக் கண்காணிப்புக்கான நெறிகளை வெளியிட்டனர். 2009-இல் செயின்ட் ஜூட் மருத்துவமனை, தலைக்கதிரே இல்லாமலும் ரத்தப்புற்றைக் குணப்படுத்தலாம் என்று காட்டியது. வருங்காலப் பிள்ளைகளுக்கு அது நல்ல செய்தி. முன்னரே கதிர் பெற்றவர்கள் இன்று முப்பதையும் நாற்பதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

மல்லாங்கிணறிலிருந்து சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சிகிச்சை முடிந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நோய் திரும்புமோ என்ற பயம் குடும்பத்தை ரயிலேற்றும். பயம் தணிந்ததும் பயணமும் நின்றுவிடும். சுரப்பிகள் தளரத் தொடங்குவது பெரும்பாலும் அந்த வேளையில்தான். கல்யாணப் பேச்சு வந்துவிட்டால் பழைய மருத்துவக் கோப்பு பரணுக்குப் போகும். பெண்ணாக இருந்தால் அது கிழிக்கப்படவும் கூடும். எத்தனை கிரே, எந்த மருந்து எத்தனை சுற்று என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பிள்ளையில்லை என்று அருப்புக்கோட்டையிலோ மதுரையிலோ ஒரு மருத்துவர் முன் அவள் உட்காரும்போது, சிறுவயதில் ஏதேனும் நோய் உண்டா என்று அவர் கேட்பார். பக்கத்தில் மாமியார் இருப்பார்.