கத்தி நூலைத்தான் முதலில் தேடும்

தாத்தா மாந்தோப்புக்குக் கொண்டுபோகிற கத்தி ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. முக்கால் சாண் நீளம், மரப்பிடி. உறை கிடையாது, பழைய வேட்டித் துணியில் சுற்றிவைத்திருந்தார். பெங்களூர் ஆபீஸை மூடிவிட்டு வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றபோது நான் திருத்தணிக்கு வந்துவிட்டேன். சாயங்காலங்களில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. சரி, இந்தக் கத்திக்கு ஒரு தோல் உறை தைப்போம் என்று ஆரம்பித்தேன்.

வீடியோவில் பார்க்க ரொம்ப ஈஸி. ஆன்லைனில் தோல் வாங்கினேன், சிவப்பாக, துணி மாதிரி மெத்தென்று இருந்தது. இரண்டாக மடித்து, ஓரத்தில் பசை தடவி, தைத்தேன். அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது முறை கத்தியைச் செருகும்போது தையல் பிரிந்து, முனை வெளியே வந்து என் பெருவிரலைக் கீறியது.

மலையடிவாரத்தில், படிகள் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கத்தி நூலைத்தான் சார் முதல்ல தேடும். ரெண்டு தோலுக்கும் நடுவுல ஒரு பட்டை வெச்சுத் தைக்கணும். வெட்டுனா பட்டையில படட்டும்."

தோலும் தப்பு என்றார். "இது பைக்கு ஆவும், உறைக்கு ஆவாது. விறைப்பா நிக்கிற தோலு வாங்குங்க."

அவர் சொன்ன வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. சென்னை மாகாணத்தில் தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்தினார்கள். அந்தத் தோல் லண்டன் சந்தைக்கு 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகவும் போனது. பட்டையில் பதப்படுத்திய தோலை நனைத்து, கத்தி மேல் அழுத்திக் காயவிட்டால் கத்தியின் உருவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். குரோமிய உப்பில் பதப்படுத்திய தோல் மெத்தென்று வளையும், ஆனால் வடிவம் பிடிக்காது. நான் வாங்கியது அது.

குரோம் முறையை இங்கே கொண்டுவர முயன்றவர்களில் முக்கியமானவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 1903ல் மெட்ராஸ் கலைப் பள்ளியில் சோதனைகளைத் தொடங்கினார். எதற்காகத் தெரியுமா? கவலை இறைக்கும் தோல் சாலுக்காக. தண்ணீரிலேயே கிடந்து சீக்கிரம் மக்கிப்போகிற சாலுக்கு, இன்னும் கொஞ்ச நாள் உழைக்கிற தோல் வேண்டியிருந்தது.

பெரியமேட்டில் பட்டைத்தோல் வாங்கிவந்து திண்ணையில் விரித்தேன். பாட்டி பார்த்துவிட்டாள்.

"என்னடா இது, வீட்டுக்குள்ள தோல எடுத்துட்டு வந்து? பின்னால கொண்டு போ."

அவள் பின்னாலேயே ஆணியில் அப்பாவின் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. மேஜை மேல் என் பர்ஸ், அக்காவின் ஹேண்ட்பேக். எல்லாம் தோல்தான். "அது கடையில வாங்கினது" என்றாள் பாட்டி. அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. தீட்டு தோலில் இல்லை, அதைத் தைக்கிற கையில் இருக்கிறது.

அன்றைக்கு எனக்குக் கவலைச் சால் மறுபடி ஞாபகம் வந்தது. மோட்டார் வருவதற்கு முன் இந்தப் பக்கத்துக் கிணறுகளில் மாடு கட்டி இறைத்த தண்ணீர் தோல் வழியாகத்தான் வயலுக்கு வந்தது. அந்த நெல்லை எல்லோரும் சாப்பிட்டோம். சால் தைத்தவருக்குக் களத்தில் நெல் அளந்தார்கள். ஊர்க் கிணற்றில் அவர் குடம் இறக்க முடியாது. தண்ணீர் தோலைத் தொட்டதால் தீட்டானது என்று யாரும் வயலைக் காயப்போட்டதில்லை.

இது நேற்றைய கதையும் இல்லை. புறநானூற்றின் 82ஆம் பாட்டில் சாத்தந்தையார், சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியின் சண்டை வேகத்துக்கு ஓர் உவமை தேடுகிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம், மழை வேறு பெய்கிறது, பொழுது சாய்கிறது. அந்த அவசரத்தில் கட்டிலுக்கு வார் பின்னுகிறவன் கை ஊசி எப்படி ஓடுமோ, அப்படியாம். ராஜாவின் வீரத்தை அளக்க ஒரு தோல் தொழிலாளியின் கைவேகம்தான் அளவுகோல். ஆனால் அவனைக் குறிக்கக் கவிஞர் பயன்படுத்தும் சொல் 'இழிசினன்'. திறமையைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை.

பாட்டின் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். திருவிழா என்றதும் சிரித்தார். "ஆடிக் கிருத்திகைக்கு வந்து பாருங்க சார். காவடி ஜனம் பூரா செருப்பு அறுந்துதான் நிக்கும். அன்னைக்கு நான் சோறு துன்ன நாலு மணி ஆவும்." அவருடைய பையன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறானாம். குத்தூசியைத் தொடவிட்டதில்லை என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அதே குத்தூசியை என் கையில் கொடுத்து, ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து எதிரெதிராக இழுப்பது எப்படி என்று காட்டினார். எனக்கு அது ஹாபி. நான் விரும்பினால் நாளைக்கே விட்டுவிடலாம், யாரும் என் பெயரோடு அதை ஒட்டவைக்கப் போவதில்லை. இந்தச் சௌகரியம் அவருக்கு இருந்ததே இல்லை என்பது, தையல் கோணலாகப் போன ஒவ்வொரு முறையும் உறைத்தது.

இரண்டாவது உறை ஒன்பது நாள் எடுத்தது. நடுவில் பட்டை வைத்தேன், நனைத்து ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். தையல் இன்னும் நேராக வரவில்லை. கத்தி மட்டும் கச்சிதமாக உட்காருகிறது. பெரியவர் இரண்டு தடவை உருவிப் பார்த்துவிட்டு, "தாங்கும்" என்றார். காசு கேட்டதற்கு மெழுகு நூலுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

உறை இப்போது பின்கட்டு ஆணியில் தொங்குகிறது. வாழையிலை அறுக்கப் பாட்டி அந்தக் கத்தியைத்தான் எடுக்கிறாள். பிடியை மட்டும் பிடித்து மெதுவாக உருவுகிறாள். வேலை முடிந்ததும் முனையைக் குறிபார்த்து, விரல் படாமல் திரும்பச் செருகுகிறாள். இதுவரை ஒரு தடவைகூட உறையைத் தொட்டதில்லை.