தரிசு என்று எழுதப்பட்ட காடு



காடு அழிந்த கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மக்கள் பெருகினார்கள், விறகு வெட்டினார்கள், ஆடு மேய்த்தார்கள், காடு போயிற்று என்பார்கள். வெட்டியவர் யார், மேய்த்தவர் யார் என்று பெயர் சொல்லாமலே கேட்பவருக்கு விளங்கிவிடும். அந்தக் கதையைச் செங்கல்பட்டுச் சீமையில் வைத்துச் சோதித்துப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

சோழமண்டலக் கரையின் இயற்கைக் காடு வானளாவிய காடு அல்ல. கலாக்காய், காரை, சூரை, வீரை, உலக்கைப்பாலை என்று நெருங்கி நிற்கும் புதர்க்காடு. ஏரிக்கும் குன்றுக்கும் இடையே கிடந்த இந்த நிலத்தில்தான் சேரி விறகு பொறுக்கியது, மாடு மேய்த்தது, பஞ்ச காலத்தில் கிழங்கும் பழமும் தேடியது. இருளர்களுக்கு அது வீடாகவே இருந்தது. வருவாய்க் கணக்கிலோ அதன் பெயர் ‘தரிசு’. பயிர் வைக்காத, தீர்வை வராத நிலம் என்பதுதான் அதற்குப் பொருள். எதற்கும் பயன்படாத நிலம், யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பொருள்கள் அதன் மேல் ஏற்றப்பட்டவை.

1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடியது. அதே ஆண்டில்தான் கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தண்டவாளத்துக்கு அடிக்கட்டை வேண்டும், எஞ்சினுக்கு விறகு வேண்டும், வளர்ந்துவரும் சென்னைப் பட்டணத்தின் அடுப்புகளுக்கும் விறகு வேண்டும். இத்தனைக்கும் மரம் போன பிறகு, கடலோர மணலில் சவுக்கு நடப்பட்டது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒதுக்கப்பட்ட காட்டில் உரிமை உள்ளவர்கள் குறித்த கெடுவுக்குள் வந்து கோர வேண்டும் என்றது அது. யார் போய்க் கோருவது? சேரிக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. குடிசை நின்ற மனையே மிராசுதாருடையது. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிய சுள்ளி ஒரே சட்டத்தில் திருட்டாயிற்று.

ஆக்கிரமிப்பவர் என்று நம்மவரைச் சொல்லும் வழக்கத்துக்கு இங்கேதான் வேர் இருக்கிறது.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரமன்ஹீர், பறையர் நிலை பற்றிய தம் அறிக்கையை அரசுக்கு அளித்தார். அவருக்கு முன்பே ஆடம் ஆண்ட்ரு, கௌடி போன்ற பாதிரிமார்கள் இதைப் பேசிவந்தார்கள். அறிக்கையில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது தரிசு பற்றிய பகுதி. தரிசு வேண்டி ஒரு பறையர் தர்காஸ்து மனு போட்டால், அதே நிலத்தை மிராசுதார் கேட்ட மாத்திரத்தில் முன்னுரிமை அவருக்குப் போய்விடும். அவர் அதை உழப்போவதில்லை. தம் பண்ணையாள் தனி விவசாயி ஆகிவிடக் கூடாது என்பதே கணக்கு. நிலம் சும்மா கிடந்ததல்ல, கிடத்தப்பட்டது.

1892 செப்டம்பர் 30 நாளிட்ட 1010, 1010-ஏ எண் அரசாணைகள் இதிலிருந்து பிறந்தவை. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்ற நிபந்தனையும் உண்டு. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. ஆனால் கிடைத்தது கழனி அல்ல, முள்ளும் கல்லும். சூரைப் புதரை வேரோடு பறித்து, கல் பொறுக்கி, வரப்பு போட்டு, அதைப் பயிர் நிலமாக்கியது நம் முன்னோரின் உடல் உழைப்பு. காட்டை வெட்டியவர்கள் என்றால், ஆம், இப்படித்தான் வெட்டினார்கள். அந்த நிலமும் கடனுக்கும் மிரட்டலுக்கும் கை மாறிய விதம் உங்களுக்குத் தெரியும்.

சவுக்குக்கு இன்னொரு முகம் உண்டு. நெல் வைத்தால் நடவு, களை, அறுப்பு என்று வருடா வருடம் ஆள் வேண்டும். சவுக்கு வைத்தால் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும். கூலி கேட்பவரோடு பேச விரும்பாத நிலவுடைமையாளருக்கு அது வசதியான மரம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பசுமை, நம் பெண்களுக்கு வேலையிழப்பு. (இருளர் கதை தனி உரைக்குரியது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்கும் பாம்புத்தோல் தடைக்கும் பிறகு, அவர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல்தான் வந்தது.)

பிறகு மனைப்பிரிவும் தொழிற்பேட்டையும் வந்தன. தரிசுக்கு முதன்முறையாக விலை வந்தது. அந்த விலையேற்றக் காலத்தில்தான், 1994-இல், காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள்.

இப்போது அரசு மறுபடியும் மரம் நடுகிறது. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், அப்போது 23.7 சதவீதமாக இருந்த பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க வேண்டும் என்கிறது. மரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெயிலில் வேலை செய்பவருக்குத்தான் நிழலின் அருமை தெரியும். ஆனால் அத்தனை கன்றுகளும் எந்த நிலத்தில் நடப்படும்? தரிசு, புறம்போக்கு, மேய்ச்சல் என்று கணக்கில் உள்ளவற்றில் கை வைக்காமல் அது நடக்காது. 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உள்வாயெங்கும் கருவேலம் நட்டபோது மேய்ச்சல் யாருக்குப் போயிற்று என்பதையும் பார்த்தோம். எனவே நம் கோரிக்கை எளியது. குழி தோண்டும் முன் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் கிராமத்தின் பழைய ‘அ’ பதிவேட்டைத் திறந்து கிராமசபையில் வாசிக்க வேண்டும். அது பஞ்சமி நிலம் என்றால், அங்கே என்ன மரம் நடுவது என்பதை அந்தச் சேரியே முடிவு செய்யட்டும்.