மகாவலிக் கரையும் நுணுக்குக்காட்டியும்

கண்டி மாநகரிலிருந்து பேராதனையூடாகக் கம்பளைக்குச் செல்லும் பெருந்தெருவில், மகாவலி கங்கைக்கு அணித்தாய் அமைந்துள்ளது கெலிஓயா. ஓயா என்பது சிங்கள மொழியிற் சிற்றாற்றைக் குறிக்கும் சொல். எனவே ஊரின் பெயரிலேயே நீர் உண்டு. மழைவளம் மிக்க இப்பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்கு 1,500 அடிக்கு மேல் உயர்ந்தது. மலேரியா என்பது வன்னிக் காடுகளுக்கும் குளத்தை அண்டிய வறண்ட நிலத்து ஊர்களுக்கும் உரிய நோயென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1934ஆம் ஆண்டு அக்கருத்தைப் பொய்யாக்கிற்று.

அவ்வாண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. நீர் பெருகினால் நுளம்பும் பெருகும் என்பதே பொதுமக்கள் எண்ணம்; இங்கு நிகழ்ந்ததோ அதற்கு மாறு. மலைநாட்டு ஆறு நிறைந்து ஓடுங்கால் நுளம்பின் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். நீர் வற்றியதும் மணலிடையும் பாறைக் குழிகளிலும் தெளிந்த நீர் தேங்கி வெயிலிற் கிடந்தது. அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பினம் விரும்புவது அத்தகைய நீரையே. ஒக்டோபர் மாதத்தின்பின் கேகாலை, குருணாகல் மாவட்டங்களிலும் கண்டி மாவட்டத்து ஆற்றோரங்களிலும் காய்ச்சல் காட்டுத்தீயெனப் பரவியது. முன்னர் இந்நோய்க்குப் பழகாத உடல்கள். போதிய உணவற்ற குடும்பங்கள். கொயினா மருந்து சென்றடையாத சிற்றூர்கள். சில திங்களுள் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர்.

இந்நுளம்பே இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் தலையாய இனம் என்பதைப் பூச்சியியல் அறிஞர் எச். எப். காட்டர் 1920களிலேயே ஆராய்ந்து நிறுவியிருந்தார். அறிவு கொழும்பில் இருந்தது. ஆற்றோரக் குடிசைக்கு அது வந்து சேரவில்லை.

நுளம்பை அறிந்தால் மட்டும் போதாது. நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியையும் காணுதல் வேண்டும். 1880இல் லவரான் அல்ஜீரியாவில் முதன்முதற் கண்டதும், 1897இல் ரொஸ் செகந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றிற் கண்டதும் அவ்வொட்டுண்ணியின் வெவ்வேறு நிலைகளையே. அவர்தம் பெயர்களை உலகம் போற்றுகின்றது. அவர் காட்டிய காட்சியை நாள்தோறும் ஆய்வுகூடத்தில் தேடும் ஊழியரைப் போற்றுவார் அரியர். விரல் நுனியிற் குத்தி எடுத்த குருதியிலிருந்து ஒரு கண்ணாடி வழுக்கியின்மீது இரு படலங்கள் ஆக்கப்படும். தடித்த படலத்திற் செங்குழியங்கள் உடைந்து சாயம் நீங்குவதால், மிகுந்த குருதியைச் சிறிது நேரத்திற் சோதிக்கலாம். ஒட்டுண்ணி உண்டா இல்லையா என்பதை அது கூறும். மெல்லிய படலத்திற் குழியங்கள் சிதையாதிருப்பதால் இன்ன இனம் என்பது புலப்படும். கீம்சா சாயத்தில் ஒட்டுண்ணியின் கரு சிவந்தும் குழியவுரு நீலமாகவும் தோன்றும். இனம் பிரித்தல் வீண் நுணுக்கமன்று: பல்சிப்பாரம் விரைவில் உயிரைக் கவரும், வைவாக்சோ ஈரலில் ஒளிந்திருந்து திங்கள் பல கழித்து மீளும். ஆகவே மருந்தும் வேறுபடும். ஒன்றும் இல்லை எனக் கூறுமுன் குறைந்தது 100 பார்வைப் புலங்களையேனும் பார்த்தல் நெறி. கண்ணும் கழுத்தும் வலிக்கும் தொழில் இது.

1945இல் டி.டி.ரி. மருந்தை வீட்டுச் சுவர்களில் தெளிக்கும் பணி தொடங்கியது. 1946இல் 25 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த நோயாளர் தொகை 1963இல் 17 ஆயிற்று. உலகம் வியந்த எண் அது. நாட்டை ஏமாற்றிய எண்ணும் அதுவே. தெளித்தல் நிறுத்தப்பட்டது, காய்ச்சற்காரரின் குருதியைத் தேடிச் சோதிக்கும் பணியும் தளர்ந்தது. தேடாதவிடத்து நோய் கணக்கில் வாராது. ஒட்டுண்ணியோ இரத்தினக்கல் அகழச் சென்றோருடன் கூடி எலகெரப் பகுதியிற் பெருகி, அவர் ஊர் திரும்பியபோது உடன் சென்றது. 1967இல் 3,466 ஆன தொகை 1969இல் 5 இலட்சத்தைக் கடந்தது. கெலிஓயாவுக்குச் சில கல் தொலைவிலுள்ள பேராதனையில் 1962இல் மருத்துவ பீடம் தோன்றியிருந்தும், வழுக்கிகளைப் பார்க்கும் கண்கள் ஊர்தோறும் போதவில்லை.

பின்வந்த தலைமுறை அப்பிழையை மறக்கவில்லை. பொதுச் சுகாதார ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் என்னும் பதவியினர் மாவட்ட மலேரியாத் தடை அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் அமர்ந்து பணியாற்றினர். உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒக்டோபரிற் காணப்பட்டார். அக்காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் குருதிப் படலங்கள் பார்க்கப்பட்டன. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

அதன்பின் இத்தொழில் எளிதாயிற்று என எண்ணுதல் தவறு. நாள் முழுதும் ஒட்டுண்ணியைக் காணாத கண்ணுக்கு, ஒருநாள் அது தோன்றும்போது அடையாளம் தெரிதல் வேண்டும். சான்று பெற்ற அவ்வாண்டிலேயே, நகரக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் வாழவல்ல அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் நுளம்பினம் மன்னாரிற் கண்டறியப்பட்டது. 2018 டிசெம்பரில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் குருதியிலிருந்த வைவாக்ஸ் ஒட்டுண்ணி, மொனராகலை மாவட்டத்து நுளம்பின் வழியாக இன்னொருவரை அடைந்தது. அந்நோய் அவ்வொருவரோடு நின்றது. ஆய்வுகூடம் அதனை உரிய வேளையிற் கண்டு கூறியிருந்தது.